சிமன் சிங், ருகுல் அமீன்: பள்ளிக் கண்காட்சிப் பலகைக்குத் தகவல் சரிபார்க்க வேண்டும்

கண்டனூர்க்காரன்

டிசம்பர் 4 கடற்படை நாளுக்கு நம்ம பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் ஒரு சின்னக் கண்காட்சி வைக்கிறார்கள். இடம் ஒரு பழைய வீட்டின் முகப்பு. 1971 இந்திய-பாகிஸ்தான் போரில், இன்றைய வங்கதேசத்துக் குல்னா அருகே நடந்த ஆற்றுச் சண்டைக்கு மட்டும் 3 அடிக்கு 2 அடியில் இரண்டு பலகை. அச்சுக்குக் கொடுக்குமுன் வாசகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பலகை 1: "மகாவீர் சக்ரா சிமன் சிங். ஐ.என்.எஸ். பத்மா போர்க்கப்பலின் வீரர். 1971 டிசம்பர் 10 அன்று பாகிஸ்தான் விமானங்கள் குண்டு வீசியதில் கப்பல் மூழ்கியது. காயம்பட்ட நிலையிலும் தோழர்களைக் காப்பாற்றி வீரமரணம் அடைந்தார்."

பலகை 2: "ருகுல் அமீன். பலாஷ் கப்பலின் மாலுமி. வங்கதேசத்தின் மிக உயர்ந்த வீர விருதான பீர் ஸ்ரேஷ்டா பெற்றவர்."

பழையஎன்ஜின்

தம்பி, முதல் பலகையில் நாலே வாக்கியம், அதில் மூன்று தப்பு.

ஒன்று, சிமன் சிங் அன்றைக்குச் சாகவில்லை. பிடிபட்டார், போர் முடிந்ததும் மீட்கப்பட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். விருது பெற்றவர் என்றாலே கை தானாக "வீரமரணம்" என்று எழுதிவிடுகிறது.

இரண்டு, ஐ.என்.எஸ். பத்மா என்று ஒரு கப்பல் அந்தச் சண்டையில் கிடையாது. பத்மா, பலாஷ் இரண்டும் கொல்கத்தா துறைமுகத்தின் வேலைப் படகுகள். 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கி பொருத்திப் பீரங்கிப் படகாக மாற்றி, வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாகினிக்குக் கொடுத்தது. அதிகாரிகள் இந்தியக் கடற்படை. மாலுமிகளில் பெரும்பாலோர் பாகிஸ்தான் கடற்படையை விட்டு வந்த வங்காளிகள். கூடப் போன மூன்றாவது படகு பன்வெல், அதற்குத்தான் இந்தியக் கடற்படைக் கப்பல் என்று சொல்லும் ஐ.என்.எஸ். உண்டு.

மூன்றாவது தப்புதான் பெரிது. குண்டு போட்டவை இந்திய விமானங்கள்.

மேலவீதி

இதை இணையத்தில் யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள் என்றல்லவா நினைத்தேன்? ஆதாரம் உண்டா?

பழையஎன்ஜின்

ஆவணத்தைத் தேடுமுன் கணக்கைப் பாருங்கள். கிழக்கில் பாகிஸ்தானிடம் இருந்தது டாக்கா தேஜ்காவ் தளத்தில் ஒரே ஒரு சேபர் போர் விமானப் பிரிவு. ஓடுபாதையில் இந்திய விமானப்படை குண்டு போட்டுப் பள்ளமாக்கியதில் டிசம்பர் 7 வாக்கிலேயே அவை தரையில் முடங்கிவிட்டன. 10-ஆம் தேதி நண்பகலில் குல்னா மேலே பறக்க அவர்களிடம் விமானமே கிடையாது. வந்தவை நேட் ரகப் போர் விமானங்கள். இந்தியக் கடற்படையின் சொந்த வரலாற்றிலேயே இது மறைக்கப்படவில்லை.

அடையாளத்துக்குப் படகுகளின் மேல்பக்கம் மஞ்சள் குறி போட்டிருந்தார்கள். அப்புறமும் ஏன் தவறியது? 700 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் நொடிக்கு 194 மீட்டர் கடக்கும். 2 கிலோமீட்டரில் படகைக் கண்டால் முடிவெடுக்கக் கிடைப்பது 10 நொடி. 10 பாகைச் சாய்வில் தாழ்ந்து வருகிறவன் கண்ணுக்கு, படுக்கையாக விரித்த 3 மீட்டர் மஞ்சள் துணி அரை மீட்டர் கீற்றாகத்தான் தெரியும். நேர் மேலிருந்து பார்த்தால்தான் அது துணி. இன்னொன்று, படை மோங்லா துறைமுகத்தோடு நிற்கவில்லை. காலையில் மோங்லாவைப் பிடித்த கையோடு ஆற்றில் ஏறிக் குல்னா கப்பல் தளம் வரை போய்விட்டது. எதிரி இடம் என்று குறித்து வைத்த பகுதிக்குள் மூன்று படகு வரிசையாகப் போனால் விமானி என்ன நினைப்பான்?

ரஸ்தா

பள்ளிப் பலகையில் நம்ம விமானமே நம்ம படகை அடித்தது என்று எழுதணுமா? பிள்ளைகள் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். "விமானத் தாக்குதலில் மூழ்கியது" என்று விட்டுவிடலாமே. விருதுக் குறிப்புரையிலேயே அவ்வளவுதானே இருக்கிறது?

அதைவிட நம்ம ஆட்களுக்குச் சம்பந்தமானதாகப் போடுவதென்றால் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22-ல் சென்னையைச் சுட்டான், அக்டோபர் 28-ல் பினாங்கில் ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தான். பினாங்கில் நம்ம ஆட்களின் வணிகக் கிட்டங்கி இருந்த காலம். "எம்டன்" என்ற சொல்லே நம்ம பேச்சில் இருக்கிறது.

கண்டனூர்க்காரன்

அண்ணே, எம்டனுக்குத் தனிச் சுவர் கேட்பீர்கள் போல. இது ஆற்றுச் சண்டைக்கு மட்டும்.

சங்கு

ரஸ்தா அண்ணே சொன்னதில் பாதி சரி. குறிப்புரையில் "விமானத் தாக்குதல்" என்றுதான் இருக்கிறது, யாருடையது என்று இல்லை. குறிப்புரை விருதுக்கான காரணத்தைச் சொல்லும் தாள், போர் வரலாறு அல்ல. ஆனால் இங்கே விமானம் யாருடையது என்பதை எடுத்துவிட்டால் இரண்டு பலகையும் புரியாது. தலைக்கு மேலே வருவது நம்ம விமானம் என்று தெரிந்ததால்தான் படகுகள் திருப்பிச் சுடவில்லை. போஃபர்ஸ் விமானத்தைச் சுடவே செய்த பீரங்கி. நாலு குண்டு கொண்ட கிளிப்பாகப் போடுவார்கள், நிமிடத்துக்கு 120 வரை சுடும், ஒரு குண்டு கிட்டத்தட்ட 900 கிராம். அதைக் கையில் வைத்துக்கொண்டு விசையைத் தொடாமல் நின்றார்கள். "பாகிஸ்தான் விமானம்" என்று போட்டால் "ஏன் சுடவில்லை?" என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்கும். பதில் இருக்காது.

இனி சிமன் சிங் குறிப்புரையில் இருப்பது, வரிசையாக: அவர் லீடிங் சீமேன். மோங்லா, குல்னா தாக்குதலில் 8 முதல் 11 டிசம்பர் வரை ஈடுபட்ட படகுகளில் ஒன்றில் இருந்தார். படகு மூழ்கியது, அவருக்குக் காயம். தண்ணீரில் கிடந்தவர்கள் மேல் கரையிலிருந்து சுட்டார்கள். காயத்தால் மிதக்க முடியாமல் தவித்த இரண்டு பேரை, அதில் ஒருவர் அதிகாரி, அந்தச் சூட்டுக்கு நடுவே கரை சேர்த்தார். கரையேறியதும் எதிரியை நோக்கி இவர் மட்டும் பாய்ந்தார். அத்தனை பேர் கவனமும் இவர் மேல் திரும்பிய நேரத்தில் அந்த இருவரும் பிடிபடாமல் தப்பினார்கள். இவர் பிடிபட்டார்.

"படகுகளில் ஒன்றில்" என்றே போடுங்கள். பத்மாவா பலாஷா என்று குறிப்புரை சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வரி கட்டாயம் சேருங்கள். 1971-ல் கடற்படைக்கு 8 மகாவீர் சக்ரா. அதிகாரி அல்லாதவர் இவர் ஒருவர்தான். இந்த ஒரே ஆற்று நடவடிக்கைக்கு மூன்று: படையை நடத்திய கமாண்டர் சாமந்த், பன்வெலின் லெஃப்டினன்ட் கமாண்டர் நொரோன்யா, சிமன் சிங்.

மேலவீதி

லீடிங் சீமேனைத் தமிழில் எப்படிப் போடுவது? "முன்னணி மாலுமி" என்று ஒரு இடத்தில் பார்த்தேன்.

சங்கு

"முன்னணி மாலுமி" என்றால் முன்னணி நடிகர் மாதிரி இருக்கிறது. லீடிங் சீமேன் என்றே எழுதி, கீழே "தரைப்படையின் நாயக் பதவிக்கு இணை" என்று போட்டால் நம்ம ஊரில் யாருக்கும் விளங்கும். சிவகங்கைச் சீமையில் நாயக், ஹவில்தார் தெரியாத வீடு குறைவு. சின்னம் வரைவதாக இருந்தால் லீடிங் சீமேனுக்கு ஒற்றை நங்கூரம். குறுக்காக இரட்டை நங்கூரம் அதற்கு மேல் பதவியான பெட்டி ஆபீசருக்கு. பிள்ளைகள் அழகாக இருக்கிறது என்று இரட்டையைப் போட்டுவிடுவார்கள், கவனம்.

பழையஎன்ஜின்

இரண்டாவது பலகைக்கு வருகிறேன். "பலாஷ் கப்பலின் மாலுமி" என்பது போதாது. ருகுல் அமீன் என்ஜின் ரூம் ஆர்ட்டிஃபிசர். என்ஜின் அறையின் கைத்தொழில்காரர், நம்ம பட்டறைப் பேச்சில் ஃபிட்டர். அந்தச் சொல் இல்லாமல் அவர் செய்தது என்னவென்று யாருக்கும் பிடிபடாது.

முதலில் அடிபட்டது பத்மா. பலாஷ் தலைவர் படகை விட்டு இறங்கும்படி ஆணையிட்டார். ருகுல் அமீன் இறங்கவில்லை, படகை ஓட்டி வெளியேற்றிவிடலாம் என்று என்ஜின் அறையில் நின்றார். அடுத்த குண்டு பலாஷின் என்ஜின் அறையில். கை சிதைந்து ஆற்றில் குதித்துக் கரை சேர்ந்தவரை, பாகிஸ்தான் படைக்குத் துணைநின்ற ரசாக்கர்கள் பிடித்துக் கொன்றார்கள். கல்லறை ரூப்சா ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. பீர் ஸ்ரேஷ்டா மொத்தம் ஏழு பேருக்குத்தான், கடற்படையில் இவர் ஒருவர்.

கீழே ஒருவர் நிற்பதற்கு ஏன் இவ்வளவு மதிப்பு? சின்னப் படகில் என்ஜின் நின்றால் மூன்று வேலை சேர்ந்து நிற்கும். ஓட்டம் நிற்கும். ஓட்டமில்லாத படகில் சுக்கான் திருப்பினால் திரும்பாது. பம்ப் நிற்கும், அதுதான் மோசம்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பலகைக்கும் உதவும். நீர்மட்டத்துக்கு 1 மீட்டர் கீழே 6 அங்குல ஓட்டை ஒன்று. தண்ணீர் நொடிக்குச் சுமார் 4.4 மீட்டர் வேகத்தில் வரும். ஓட்டை விளிம்பில் பாய்ச்சல் சுருங்குவதால் 0.6-ஆல் பெருக்க வேண்டும். அப்படியும் நொடிக்கு 47 லிட்டர், நிமிடத்துக்கு 2,800 லிட்டர். மொட்டை மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் தொட்டி 21 நொடியில் நிரம்பும். கோடையில் தெருவுக்கு வரும் 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் நாலே கால் நிமிடத்தில் படகுக்குள். இது ஒரு ஓட்டைக்கு. குண்டு விழுந்த படகில் தைத்த இரும்புத் தகடு மடிப்பு மடிப்பாகப் பிளந்திருக்கும்.

கண்டனூர்க்காரன்

லாரிக் கணக்கைப் பலகையில் கட்டாயம் போடுகிறேன். ஓட்டையை அடைக்கவே முடியாதா?

பழையஎன்ஜின்

அடைப்பார்கள். அதற்குக் கப்பலில் எப்போதும் மர ஆப்பு இருக்கும், கூம்பு வடிவில், சிறிதும் பெரிதுமாக. கடின மரம் ஆகாது. நம்ம வீட்டுத் தூணில் இருக்கிற பர்மாத் தேக்கு இதற்கு உதவாது, தண்ணீரில் ஊறி உப்பாது, விளிம்பின் கோணலுக்கு நசுங்கிக் கொடுக்கவும் செய்யாது. மெத்து மரம் வேண்டும். ஆப்பைச் சுற்றித் துணி அல்லது சாக்கு சுற்றி அடிப்பார்கள். தகடு பிளந்த இடத்தில் வட்டமான ஆப்பு ஒன்றால் ஆகாது, இரண்டு மூன்று சேர்த்து இறுக்கி, இடைவெளியில் துணியைத் திணிக்க வேண்டும். பெரிய கிழிசலுக்கு மெத்தையை வைத்து மேலே பலகை கொடுத்து, எதிர்ச் சுவரிலிருந்து மரக்கட்டையால் முட்டுக் கொடுப்பார்கள். முட்டுக்கட்டையின் அடியில் இரண்டு ஆப்பை எதிரெதிராக வைத்து இரண்டையும் மாறி மாறித் தட்டணும். ஒன்றை மட்டும் தட்டினால் கட்டை நழுவும்.

முழுக்க அடைக்க முடிந்தால் நல்லது, முடியாவிட்டாலும் பரவாயில்லை. வருகிற தண்ணீர் பம்ப் இறைப்பதைவிடக் குறைந்தால் போதும். அதனால்தான் பம்ப் ஓடணும், பம்ப் ஓட என்ஜின் அறையில் ஆள் நிற்கணும்.

உள்ளே வந்த தண்ணீர் எடையால் மட்டும் கவிழ்ப்பதில்லை. அலைந்து கவிழ்க்கும். படகு ஒரு பக்கம் சாய்ந்தால் தண்ணீர் மொத்தமும் அந்தப் பக்கம் ஓடி மேலும் சாய்க்கும். இது அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு கூடும். நடுவில் நீளவாக்கில் ஒரு தடுப்பு இருந்தால் நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். பிள்ளைகளை ஒரு பெரிய தாம்பாளத்தில் விரல்கடைத் தண்ணீர் ஊற்றி இரண்டு கையால் தூக்கி நடக்கச் சொல்லுங்கள். அப்புறம் நடுவில் ஒரு மரச்சட்டத்தைக் களிமண்ணால் ஒட்டிவிட்டு நடக்கச் சொல்லுங்கள். பலகை படிக்காதவர்கூட அதைப் பார்ப்பார்.

ரஸ்தா

சரி, விமான விஷயத்தில் நான் இறங்கி வருகிறேன். ஆனால் வாசகம் யாரையும் குற்றம் சொல்கிற தொனியில் இருக்கக் கூடாது. "அடையாளம் தவறியதால் இந்திய விமானங்களே தாக்கின" என்று ஒரு வரி. அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். 10 நொடிக் கணக்கைக் கேட்கிறவர்களுக்கு வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்று கேட்கணும். இந்த விருதுக்கு மாதம் பணம் உண்டா? கண்காட்சிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

சங்கு

உண்டு. 2017 ஆகஸ்ட் முதல் உள்ள மத்திய அரசு விகிதம்: பரம்வீர் சக்ரா 20,000, அசோக சக்ரா 12,000, மகாவீர் சக்ரா 10,000, கீர்த்தி சக்ரா 9,000, வீர் சக்ரா 7,000, சௌர்ய சக்ரா 6,000, வீரத்துக்கான நவ் சேனா பதக்கம் 2,000 ரூபாய். நவ் சேனா பதக்கம் கடமைச் சிறப்புக்கும் கொடுக்கப்படும், அதற்கு இந்தத் தொகை கிடையாது. ஒரே பதக்கம், ஒரே நாடா என்பதால் இதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். மாநில அரசு கொடுப்பது தனி. அதை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். தொகை மாறும் என்பதால் பலகையில் அச்சிடாதீர்கள்.

சக்ராக்களில் இரண்டு வரிசை இருப்பதையும் யாராவது கேட்பார்கள். பரம்வீர், மகாவீர், வீர் மூன்றும் எதிரியின் முன்னால் காட்டிய வீரத்துக்கு. அசோக, கீர்த்தி, சௌர்ய மூன்றும் எதிரி இல்லாத இடத்தில். உதாரணம் 2014 பிப்ரவரி 26, சிந்துரத்னா நீர்மூழ்கியில் புகை. கபிஷ் முவால், மனோரஞ்சன் குமார் என்ற இரண்டு அதிகாரிகள் உள்ளேயே இறந்தார்கள். இருவருக்கும் சௌர்ய சக்ரா.

மகாவீர் சக்ரா படம் எங்கிருந்து எடுக்கிறீர்கள்?

கண்டனூர்க்காரன்

காரைக்குடி பழம்பொருள் கடை ஒன்றில் மாதிரிப் பதக்கம் கிடைத்தது. அதைப் படம் பிடித்துப் பெரிதாக்கலாம் என்றிருக்கிறோம். வெள்ளை, ஆரஞ்சு நாடா.

சங்கு

படத்தில் பார்ப்பவருக்கு ஆரஞ்சு எந்தப் பக்கம்?

கண்டனூர்க்காரன்

இடப் பக்கம்.

சங்கு

தலைகீழ். ஆரஞ்சு, அணிந்திருப்பவரின் இடது தோளை ஒட்டி வரணும். எதிரே நின்று பார்ப்பவருக்கு அது வலப் பக்கம். மாதிரிப் பதக்கம் செய்கிறவர்கள் நாடாவைத் திருப்பிக் கோத்துவிடுகிறார்கள். உங்களிடம் இருப்பதைக் கழற்றித் திருப்பிக் கோத்தால் சரியாகிவிடும், படத்தைக் கணினியில் இடவலமாகப் புரட்டாதீர்கள், எழுத்து தலைகீழாகிவிடும்.

மற்றதையும் பாருங்கள். வெள்ளி நிறம், வட்டம், குறுக்களவு 1⅜ அங்குலம், அதாவது 35 மில்லிமீட்டர். முன்பக்கம் ஐந்து முனை நட்சத்திரம், நடுவில் குவிந்த பகுதியில் பொன்முலாம் பூசிய அரசுச் சின்னம். பின்பக்கம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் பெயர், இடையில் இரண்டு தாமரை. நாடா 3.2 சென்டிமீட்டர். வெண்கல நிறமாக இருந்தால் அது பரம்வீர் மாதிரி. நாடா பாதி கருநீலம் பாதி ஆரஞ்சு என்றால் வீர் சக்ரா.

பளபளப்பு வர வேண்டும் என்று பித்தளைப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். மாதிரி என்றாலும் முலாம் போய்விடும். மெல்லிய பருத்தித் துணி போதும்.

ஆத்தங்குடி

பலகை மாட்டுவது பற்றி யாரும் பேசவில்லையே. முகப்புச் சுவர் பழைய சுண்ணாம்புச் சாந்தா, சிமெண்டா?

கண்டனூர்க்காரன்

பழைய சாந்து ஆச்சி. முட்டை வெள்ளைக்கருப் பூச்சு. கண்ணாடி மாதிரி இருக்கும்.

ஆத்தங்குடி

அப்படியானால் ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. அடித்த இடத்தில் மேல்பூச்சு உள்ளங்கை அகலம் செதில் செதிலாக எழும்பும். அந்தப் பூச்சு வேலை தெரிந்த கொத்தனார் இப்போது லேசில் கிடைக்கமாட்டார், சிமெண்ட் வைத்து ஒட்டுப் போட்டால் சுற்றிலும் ஈரம் கோத்துக்கொள்ளும். இரட்டைப் பக்க ஒட்டு டேப்பும் ஆகாது, எடுக்கும்போது பூச்சோடு வரும். உத்தரத்துக் கொக்கியிலிருந்து மெல்லிய கயிறு தொங்கவிட்டுப் பலகையை மாட்டுங்கள், கொக்கி இல்லையென்றால் ஓவியத் தாங்கி வாடகைக்கு வாங்கி நிறுத்துங்கள். சுவருக்கும் பலகைக்கும் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும், டிசம்பர் ஈரத்துக்குப் பலகை வளையாது.

ஃபிளெக்ஸ் வேண்டாம், முகப்பின் எதிர்வெயிலில் பளபளத்துப் படிக்க முடியாது. 5 மில்லிமீட்டர் சன்போர்டு நுரைப் பலகையில் பளபளப்பில்லாத மேட் ஒட்டுப் போதும். தமிழெழுத்தில் சுழி அதிகம், சின்னதாகப் போட்டால் ணகரமும் னகரமும் ஒன்றாகத் தெரியும். ஆறடியில் நின்று வயசானவர்கள் படிக்கணும் என்றால் உடல் எழுத்து 48 புள்ளிக்குக் குறையக் கூடாது. அந்த அளவில் 3-க்கு 2 பலகையில், பதக்கப் படமும் போக, 60 சொல்தான் கொள்ளும். நீங்கள் எல்லோரும் சொன்னதை எல்லாம் போட்டால் கோவில் வரவுசெலவுப் பலகை மாதிரி ஆகிவிடும்.

மேலவீதி

பீரங்கிப் படகு மாதிரி ஒன்றும் செய்கிறார்களாமே. 50-ல் ஒன்று அளவு என்றால் போஃபர்ஸ் குழல் எவ்வளவு?

பழையஎன்ஜின்

நிஜக் குழல் 2.25 மீட்டர். 50-ல் ஒன்று என்றால் 45 மில்லிமீட்டர், ஊதுபத்திக் குச்சித் தடிமன். முனையில் புனல் மாதிரி விரியும் வாய் இருக்கும், அதை விட்டுவிட்டால் சாதாரணக் குழாயாகத் தெரியும். படகின் மேல்பக்கம் மஞ்சள் அடிக்க மறக்க வேண்டாம். மாதிரியைத் தரையில் வைத்து, பிள்ளைகளை முதலில் நின்று பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் தூரத்தில் குனிந்து படகு மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுவரச் சொல்லுங்கள். மஞ்சள் மறைந்துவிடும். ரஸ்தா கேட்ட மாதிரி விளக்கம் பலகையில் வேண்டாம், இதுவே சொல்லிவிடும்.

கண்டனூர்க்காரன்

எல்லாம் சேர்த்துத் திருத்தியது. ஆச்சி சொன்ன 60 சொல்லுக்குள் இருக்கிறது.

பலகை 1: "சிமன் சிங், மகாவீர் சக்ரா. லீடிங் சீமேன், தரைப்படையின் நாயக் பதவிக்கு இணை. 1971 டிசம்பர் 10, குல்னா. அடையாளம் தவறியதால் இந்திய விமானங்களே தாக்கிப் பத்மா, பலாஷ் படகுகள் மூழ்கின. காயத்தோடு இரண்டு பேரைக் கரை சேர்த்தார். அவர்கள் தப்புவதற்காகத் தனியே எதிரி மேல் பாய்ந்து பிடிபட்டார். போருக்குப் பின் மீட்கப்பட்டார். 1971-ல் கடற்படைக்குக் கிடைத்த 8 மகாவீர் சக்ராக்களில் அதிகாரி அல்லாதவர் இவர் ஒருவரே."

பலகை 2: "ருகுல் அமீன், பீர் ஸ்ரேஷ்டா. பலாஷ் படகின் என்ஜின் அறைத் தொழில்நுட்பர். இறங்கச் சொல்லியும் என்ஜினை விட்டு அகலவில்லை. என்ஜின் நின்றால் பம்ப் நிற்கும். 6 அங்குல ஓட்டை வழியே 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் நாலே கால் நிமிடத்தில் உள்ளே வரும். காயத்தோடு கரை சேர்ந்தவரை ரசாக்கர்கள் கொன்றார்கள். கல்லறை ரூப்சா கரையில்."

சங்கு

முதல் பலகை அச்சுக்குப் போகலாம். இரண்டாவதில் "1 மீட்டர் ஆழத்தில்" விட்டுப்போயிருக்கிறது. ஆழம் சொல்லாமல் அந்தக் கணக்கு நிற்காது.

ஆத்தங்குடி

"ரூப்சா கரையில்" என்பதை "ரூப்சா ஆற்றங்கரையில்" ஆக்குங்கள். நம்ம ஊரில் கரை என்றால் முதலில் ஊருணிக்கரைதான் நினைவுக்கு வரும்.